வீட்டுக்குள் ஒரு சாக்ஸபோன்!

சாக்ஸபோன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 'டூயட்' படத்தில் பிரபு கையில் வைத்துக்கொண்டு ஊதுவாரே, அந்தப் பளபளவென்ற பித்தளை வாத்தியம்தானே? 1994ல் அந்தப் படம் வந்தபோது, "இதென்ன, நாகஸ்வரம் மாதிரியும் இருக்கு, வேற என்னமோ மாதிரியும் இருக்கே!" என்று வியக்காதவர்கள் குறைவு. திரையில் நாம் பார்த்தது பிரபுவின் முகம். காதில் விழுந்தது கத்ரி கோபால்நாத்தின் மூச்சு.

இந்த வாத்தியத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள் யார், எப்படிப் பழகினார்கள், வீட்டில் யார் பொறுத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் நான் தேடித் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் ஊர் அனுப்பம்பட்டு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வந்தால் மீஞ்சூருக்கு அடுத்து, பொன்னேரிக்கு முந்தின ஸ்டேஷன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து இறாலும் நண்டும் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும் பெண்களில் ஒருத்தி எனக்குப் பல வருஷப் பழக்கம். போன வருஷம் ஒருநாள் கூடையை இறக்கி வைத்தவள், இறாலைப் பற்றிப் பேசவே இல்லை.

"அக்கா, எம் பொண்ணு எட்டாவது படிக்குது. அது மாமன் பேண்டு செட்டுல சாக்ஸபோன் ஊதறான். அத்தக் கையில எடுத்தா வைக்கவே மாட்டேங்குது. 'பொட்டப் புள்ள ஊதினா கர்ப்பப்பை எறங்கிடும்'னு எங்க மாமியா பயமுறுத்துது. ராத்திரி தொழிலுக்குப் போயிட்டு வந்து பகல்ல தூங்கற ஆம்பளைங்க, 'சத்தத்த நிறுத்து'ன்னு சண்டைக்கு வராங்க. எங்க வூட்டுக்காரரு, 'இத்தக் கத்துக்கினு சோத்துக்கு என்ன பண்ணுவா?'ன்றாரு. நீதான் நாலு எழுத்து படிச்சவ. இது நல்லதா, கெட்டதா? நீ சொல்லுக்கா" என்றாள்.

உடம்பு, சத்தம், பிழைப்பு. மூன்றுமே ஒரு தாய் கேட்க வேண்டிய நியாயமான கேள்விகள்தான். சும்மா "கத்துக்கட்டும்மா" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. உலகத்தில் பெயர் வாங்கிய சாக்ஸபோன் கலைஞர்கள், முக்கியமாக ஜாஸ் கலைஞர்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பித்தளை உடம்பு, நாணல் நாக்கு

சாக்ஸபோனைக் கண்டுபிடித்தவர் அடால்ஃப் சாக்ஸ். பெல்ஜியம் நாட்டில் 1814ல் பிறந்தவர். குழந்தையில் மாடியிலிருந்து விழுந்தது, ஊசியை விழுங்கியது, அமிலத் தண்ணீரைக் குடித்தது என்று எத்தனையோ கண்டங்களைத் தாண்டிப் பிழைத்தவர் என்று அவருடைய வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். பாவம், அந்தத் தாயார் எப்படித்தான் வளர்த்தாரோ! 1846ல் பாரிஸ் நகரத்தில் இந்த வாத்தியத்துக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார்.

உடம்பு பித்தளைதான். ஆனால் புல்லாங்குழல், கிளாரினெட் இவற்றோடு சேர்த்து மர வாத்திய வகையில்தான் இதை வைக்கிறார்கள். ஏன் தெரியுமா? வாயில் வைக்கும் மவுத்பீஸில் நாணலைச் சீவிச் செய்த மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அதற்கு ரீடு என்று பெயர். நம் நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, அப்படித்தான் இதற்கு ரீடு. மூச்சு பட்டு அந்த நாணல் துடித்தால்தான் ஒலி பிறக்கும்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த சங்கீதம். நியூ ஆர்லியன்ஸ் நகரம் அதன் தொட்டில். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டை அடிப்படையாக வைத்து, ஒவ்வொருவராக மனோதர்மப்படி வாசிப்பார்கள். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் மீன் அதிகம் கிடைக்கும் இடங்களை முறை போட்டுக் குடும்பங்கள் பிரித்துக்கொள்வார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. ஜாஸிலும் அப்படித்தான்! ஒருவர் முறை வரும்போது மற்றவர்கள் அவருக்குத் துணையாக நிற்பார்கள். நம் கச்சேரியில் கல்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

மங்களூர்க்காரரும் அமெரிக்கத் தம்பியும்

கத்ரி கோபால்நாத் 1949ல் தென் கன்னட மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா தனியப்பா நாகஸ்வர வித்வான். பிள்ளைக்கும் நாகஸ்வரம்தான் சொல்லிக் கொடுத்தார். பிள்ளையோ மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்துவிட்டு, "இதுதான் எனக்கு வேண்டும்" என்று மனசை அதில் வைத்துவிட்டார்.

ஆனால், அந்த வாத்தியத்தில் கமகம் பிடிப்பது லேசான காரியமா? சாவியை அழுத்தினால் ஒரு ஸ்வரம், விட்டால் வேறு ஸ்வரம் என்று இருப்பதில், உதட்டாலும் தாடையாலும் மூச்சாலும் குழைவைக் கொண்டு வர வேண்டும். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்று, பல வருஷம் சாதகம் செய்துதான் அந்த வாத்தியத்தை வசப்படுத்தினார்.

1980ல் பம்பாயில் ஒரு ஜாஸ் விழா. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அங்கே வந்திருந்தார். 1975லேயே சரோத் மேதை அலி அக்பர் கானோடு சேர்ந்து இசைத்தட்டுக்காக வாசித்தவர் அவர். கத்ரியின் வாசிப்பைக் கேட்டதும் தன்னோடு சேர்ந்து மேடையில் வாசிக்கக் கூப்பிட்டுவிட்டார்! 1994ல் லண்டன் பி.பி.சி. பிராமனேட் கச்சேரியில் வாசிக்கும் கௌரவம் கத்ரிக்குக் கிடைத்தது. கர்நாடக சங்கீதக்காரர்களில் அந்த மேடை ஏறிய முதல்வர் அவர்தான். 2004ல் பத்மஸ்ரீ பெற்றார். 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார்.

இனி அமெரிக்கத் தம்பியின் கதையைக் கேளுங்கள். ருத்ரேஷ் மகந்தப்பா 1971ல் பிறந்தவர். கன்னடக் குடும்பம், வளர்ந்தது அமெரிக்காவில். அவர் ஜாஸ் சாக்ஸபோன் படித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் வேடிக்கையாக ஒரு இசைத்தட்டைப் பரிசாகக் கொடுத்தார். 'இந்திய முறையில் சாக்ஸபோன்' என்று அதற்குப் பெயர். வாசித்தவர் கத்ரி! கேலிக்குக் கொடுத்த பரிசு தம்பியின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. பின்னாளில் இந்தியாவுக்கு வந்து கத்ரியிடமே பாடம் கேட்டார். இருவரும் சேர்ந்து 2008ல் 'கின்ஸ்மென்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். சொந்தக்காரர்கள் என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! ருத்ரேஷ் 2016ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

அந்த ஆல்பத்தில் வயலின் வாசித்தவர் ஒரு பெண்மணி, நம் ஏ. கன்யாகுமரி அவர்கள். எம்.எல். வசந்தகுமாரியின் சிஷ்யை. 2016ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர்.

சத்தத்தைப் பொறுத்தவர்கள்

புது வாத்தியம் பழகும்போது வருவது சங்கீதம் அல்ல, சத்தம்தான்! அதிலும் சாக்ஸபோன் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தை வீட்டில் யாராவது ஒருவர் பொறுத்துக்கொண்டதால்தான் உலகத்துக்குக் கலைஞர்கள் கிடைத்திருக்கிறார்கள். நான் படித்த அத்தனை வாழ்க்கைகளிலும் எனக்குத் தட்டுப்பட்ட உண்மை இதுதான்.

சார்லி பார்க்கர் என்ற ஜாஸ் மேதை 1920ல் பிறந்தவர். அவருடைய தாயார் இரவு நேரத்தில் ஒரு தந்தி அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் மகனுக்கு சாக்ஸபோன் வாங்கிக் கொடுத்தார். மகன் நாள் ஒன்றுக்கு 11 மணி முதல் 15 மணி நேரம் வரை சாதகம் செய்தார். "ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிடுவோம்" என்று அக்கம்பக்கத்தார் அம்மாவை மிரட்டினார்களாம். பார்க்கரே பின்னாளில் ரேடியோ பேட்டியில் சொன்ன செய்தி இது.

சோனி ராலின்ஸ் 1930ல் பிறந்தவர். 1959ல் பெயரும் புகழும் உச்சத்தில் இருக்கும்போதே, "இன்னும் நன்றாக வாசிக்க வேண்டும்" என்று கச்சேரிகளையெல்லாம் நிறுத்திவிட்டார். ஆனால் எங்கே பழகுவது? அக்கம்பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தொந்தரவு ஆகக் கூடாதே என்று வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போய்விட்டார். வெயிலோ பனியோ, கீழே ஆறும் பக்கத்தில் ரயிலும் ஓட, பாலத்தின் மேல் நின்று இரண்டு வருஷம் ஊதிப் பழகினார்! திரும்பி வந்து 1962ல் அவர் வெளியிட்ட ஆல்பத்துக்குப் பெயர் 'தி பிரிட்ஜ்', அதாவது பாலம். 1960களின் கடைசியில் பம்பாய் பவாயில் ஒரு ஆசிரமத்தில் வந்து தங்கி யோகமும் தியானமும் பயின்றவர் அவர்.

இந்தக் கதையை இறால்காரப் பெண்ணிடம் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "எங்களுக்குப் பாலம் எதுக்கு, ஏரிக்கரை இருக்குதே!" என்றாள். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அவளுடைய பெண் மாமனோடு கரைக்குப் போய் ஒரு மணி நேரம் ஊதிவிட்டு வருகிறாள். தூங்குகிறவர்களுக்கும் தொந்தரவு இல்லை, பெண்ணுக்கும் பாதுகாப்பு.

பெண்கள் ஊதுவார்களா?

ஏன் ஊத மாட்டார்கள்? சிலி நாட்டின் மெலிஸா ஆல்டானா 1988ல் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் சாக்ஸபோன் கலைஞர்கள். ஆறு வயதில் அப்பாவிடம் பாடம் ஆரம்பம். சோனி ராலின்ஸின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, பெரிய அளவான டெனர் சாக்ஸபோனுக்கு மாறினார்; முதலில் கையில் எடுத்தது தாத்தாவின் வாத்தியத்தை. 2013ல் அமெரிக்காவில் தெலோனியஸ் மங்க் பெயரில் நடந்த சர்வதேசப் போட்டியில், சாக்ஸபோனில் முதல் பரிசு பெற்ற முதல் பெண் இவர்தான்.

ஹாலந்தின் கேண்டி டல்ஃபரும் அப்பா வழியில் வந்தவர். லண்டனின் நூபியா கார்சியா 1991ல் பிறந்தவர். வசதியில்லாத பிள்ளைகளுக்கும் ஜாஸ் கற்றுத் தரும் 'டுமாரோஸ் வாரியர்ஸ்' என்ற அமைப்பில் தேர்ந்து, 2020ல் 'சோர்ஸ்' ஆல்பத்தால் பெயர் பெற்றார்.

நியூயார்க்கின் லக்கீஷியா பெஞ்சமின் கதை கல்லையும் கரைக்கும். 2021ல் கச்சேரி முடித்துத் திரும்பும்போது கார் விபத்து. தாடை எலும்பு முறிந்துவிட்டது. ஊதுகிறவருக்குத் தாடை போனால் என்ன மிச்சம்? ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் மேடை ஏறினார். 2023ல் வந்த அவருடைய ஆல்பத்துக்குப் பெயர் 'ஃபீனிக்ஸ்'. சாம்பலிலிருந்து எழும் பறவை!

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்திலேயே 'சாக்ஸபோன் சகோதரிகள்' எம்.எஸ். லாவண்யா, எம்.எஸ். சுப்புலட்சுமி இருவரும் கத்ரியின் சிஷ்யைகள்தான். பட்டுப் புடவையும் பூவுமாக மேடையில் அமர்ந்து அவர்கள் ஊதுவதைப் பார்த்தால், "பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு?" என்ற கேள்வியே எழாது.

பிழைப்பு எப்படி?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேடை வருமானத்தை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்கும் ஜாஸ் கலைஞர்கள் மிகக் குறைவு. பெயர் பெற்றவர்கள்கூட ஒரு பக்கம் கச்சேரி, ஒரு பக்கம் ஒலிப்பதிவு, ஒரு பக்கம் வகுப்பு என்று மூன்று கால்களில்தான் நிற்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் பிரயாணம். 2020ல் கொரோனா வந்து மேடைகளை மூடியபோது, மாணவர்களுக்குப் பாடம் சொல்லத் தெரிந்தவர்கள்தான் ஓரளவு சமாளித்தார்கள். ஆகவே, பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வாத்தியம் என்பது வேண்டாம். படிப்போடு வாத்தியம் என்பதே சரி.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சார்லி பார்க்கர் போதை மருந்துக்கு அடிமையாகி, 1955ல் 34 வயதிலேயே போய்விட்டார். சோனி ராலின்ஸும் அந்தப் பழக்கத்தில் விழுந்தவர்தான். ஆனால் அதே 1955ல் தானாகவே போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டுவிட்டார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் வாசித்தார்! அவருடைய மனைவி லூசில் கச்சேரி ஒப்பந்தம், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டவர். 2004ல் லூசில் காலமாகும் வரை அந்தக் குடும்பத் தொழிலுக்கு அவர்தான் நிர்வாகி. வீட்டு வரவு செலவு பார்க்கத் தெரிந்த நமக்கு இது புரியாதா என்ன?

எங்கள் பக்கத்து பேண்டு செட்டுகளையும் குறைவாக நினைக்க வேண்டாம். கல்யாண ஊர்வலத்திலும், கோயில் திருவிழாவிலும், மாதா கோயில் தேரிலும், சாவு வீட்டிலும் ஊதுகிறவர்கள், ஒரு ராத்திரியில் எத்தனை மெட்டு வாசிக்கிறார்கள்! நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் வளர்ந்ததும் இதே மாதிரி ஊர்வலங்களிலும் சவ ஊர்வலங்களிலும்தானே?

உடம்புக்கு ஆகுமா?

இப்போது மாமியாரின் பயத்துக்கு வருவோம். ஆரோக்கியமான பெண் காற்று வாத்தியம் ஊதுவதால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஊதுவதில் முக்கியமாக வேலை செய்வது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானமும், விலா, வயிற்றுத் தசைகளும்தான். மாதவிலக்கு நாட்களிலும் உடம்புக்கு முடிந்தால் தாராளமாக ஊதலாம். கர்ப்பிணிகளும், அண்மையில் பிரசவம் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆஸ்துமா, குடலிறக்கம், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களும் அப்படியே.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சில:

1. முன்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைத்த பிறகு ஆரம்பிப்பது சௌகரியம். பெரும்பாலும் 9, 10 வயதில் விரல்களும் சாவிகளை எட்டும்.

2. ஆல்டோ சாக்ஸபோன் சுமார் இரண்டரைக் கிலோ எடை. குழந்தையின் கழுத்தில் அத்தனை பாரமும் தொங்கக் கூடாது. இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை வாங்கிக் கொடுங்கள். நிமிர்ந்து நிற்கப் பழக்குங்கள்.

3. ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைக்க வேண்டும். மவுத்பீஸை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும்; கொதிக்கும் தண்ணீர் கூடாது. சுத்தம் செய்யாத காற்று வாத்தியத்துக்குள் பூஞ்சை பிடித்து, அதை மூச்சோடு இழுத்ததால் நுரையீரல் நோய் வந்தவர்களை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். அவியல் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்து அடுத்த நாள் அதிலேயே சமைப்போமா? அதே மாதிரிதான்.

4. ஒருவர் வாயில் வைத்த ரீடை இன்னொருவர் வைக்கக் கூடாது, அண்ணன் தங்கையாக இருந்தாலும்! பேண்டு செட்டில் இரவல் வாங்கிப் பழகும் பிள்ளைக்குத் தனி ரீடும், முடிந்தால் தனி மவுத்பீஸும் அவசியம்.

5. வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் ஊத வேண்டாம். இனிப்பு தின்ற வாயோடும் ஊத வேண்டாம். வாயைக் கொப்பளித்துவிட்டு எடுக்கட்டும்.

6. சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் ஊதினால் காதுக்குக் கெடுதி. திறந்த வெளியோ பெரிய கூடமோ நல்லது. அரை மணிக்கு ஒரு தரம் ஓய்வு கொடுங்கள்.

7. இடைவிடாத இருமலோ மூச்சு வாங்கலோ இருந்தால் அலட்சியம் வேண்டாம். சோனி ராலின்ஸ் நுரையீரல் தழும்பு நோயால்தான் மேடையை விட நேர்ந்தது. அவருடைய கடைசிக் கச்சேரி நடந்தது 2012ல்.

புதிதாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். உடனே வாங்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் இரவல் வாத்தியத்தில் பழகட்டும். பிள்ளை தினமும் தானாகவே எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால், அதற்குப் பிறகு சீட்டுப் போட்டுக்கூட வாங்கலாம்.

சாக்ஸபோன்தான் என்று இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை வயலினோ, மிருதங்கமோ, வாய்ப்பாட்டோ எதைப் பிடித்துக்கொண்டாலும், முதல் இரண்டு வருஷம் நம் காதுக்கு அது சோதனைதான். சமையல் நடக்கும்போது, துணி காயப்போடும்போது, அந்தச் சத்தம் தலைக்குள் இறங்கும். "போதும் நிறுத்து!" என்று வாய் வரைக்கும் வரும். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலையே!" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கச்சேரி மேடையில் பக்கவாத்தியக்காரர்கள் பெயரை அறிவிப்பார்கள்; அம்மாவின் பெயரை யாரும் அறிவிக்கப் போவதில்லை. இருந்தாலும் முதல் பக்கவாத்தியம் நாம்தான்!